விற்கப்போகும் வீட்டை முதலில் ஆயத்தப்படுத்துங்கள்: உவர்மலை வாசகிக்குப் பதில்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் என் தகப்பனார் 1974ஆம் ஆண்டில் கட்டிய வீட்டை விற்பதென்று குடும்பமாகத் தீர்மானித்திருக்கிறோம். அம்மாவும் சம்மதித்துவிட்டார். சகோதரர்கள் இருவரும் கனடாவில் இருக்கிறார்கள். 82 வயதான அம்மாவுடன் நான்தான் இங்கே இருக்கிறேன். விற்ற பின்னர் பாலையூற்றில் சின்னம்மா வீட்டுக்கு அருகில் சிறிய வீடொன்றுக்குப் போவதாக ஏற்பாடு. நான்கு மாதங்களாகத் தரகர் முன்கூட்டிச் சொல்லாமலே ஆட்களைக் கூட்டி வருகிறார். வருகிறவர்கள் அம்மாவுக்கு முன்னாலேயே சுவரைத் தட்டிப் பார்த்துக் குறை சொல்கிறார்கள். அன்றிரவு அம்மா சாப்பிடுவதில்லை. எனக்கு நித்திரை இல்லை. கனடாவில் ஹோம் ஸ்ரேஜிங், அதாவது விற்பதற்கு முன் வீட்டை ஆயத்தப்படுத்திக் கொடுப்பது, என்றொரு தொழில் இருக்கிறதாம், அப்படி ஒருவரை ஒழுங்குசெய்யுங்கள் என்று தம்பி சொல்கிறார். அது நம் ஊருக்குப் பொருந்துமா? குறையை மறைத்து விற்பதாக ஆகிவிடாதா? செலவுக்கு ஏற்ற பலன் உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருவதற்கு முன்னர், கடிதத்தின் நடுவில் நீங்கள் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். அம்மா சாப்பிடாமல் படுப்பதற்கும் உங்கள் நித்திரை கெடுவதற்கும் வீட்டை விற்பதே காரணம் என்று எண்ணுகிறீர்கள். விற்பது என்ற முடிவை நீங்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள்; அந்த முடிவு உங்களை இந்தளவுக்கு வருத்துவதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் இருவரும் சமைத்து, சாமி கும்பிட்டு, உடுப்புக் காயப்போட்டு முழுமையாக வாழ்ந்துகொண்டிருக்கும் வீட்டுக்குள் அந்நியர்கள் நினைத்த நேரத்தில் வந்து அதற்கு விலை மதிக்கிறார்கள். குடியிருக்கும் வீடும் விற்பனைக்குரிய வீடும் ஒன்றாகவே கிடப்பதால், சுவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் உங்கள் தகப்பனாரைப் பற்றிச் சொல்லப்பட்டதுபோல அம்மாவின் காதில் விழுகிறது. இந்த இரண்டு வீடுகளையும், ஆட்கள் பார்க்க வருவதற்கு முன்னரே, உங்கள் கையாலேயே பிரித்து வைப்பதுதான், வீடுகளை விற்பனைக்கு ஆயத்தப்படுத்தும் என் தொழிலின் சாரம். அழகு அதன் பின்னால் வருகிறது.

தம்பி சொல்லும் தொழிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வீடு விற்கும் முகவராக இருந்த பார்ப் ஸ்வார்ஸ் என்ற பெண்மணி 1972ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். அங்கே காலியான வீட்டுக்குக் கதிரை, மேசை, கட்டில், படங்கள் எல்லாவற்றையும் மாத வாடகைக்கு எடுத்து அடுக்கி, விற்றவுடன் திருப்பி எடுத்துச் செல்வார்கள். அமெரிக்காவின் தேசிய வீட்டு முகவர் சங்கம் 2023இல் தன் உறுப்பினர்களிடம் நடத்திய கணிப்பில், வாங்குவோருக்காக வேலை செய்யும் முகவர்களுள் 81 சதவீதத்தினர், இவ்வாறு ஆயத்தப்படுத்திய வீட்டைத் தம் வருங்கால வீடாகக் கற்பனை செய்வது வாங்குபவருக்கு எளிதாகிறது என்று கூறினர். அறைகளுள் முக்கியமானதாக இருக்கையறையை முதலில் குறிப்பிட்டனர். ஆனால் அதே கணிப்பில், விலை 1 முதல் 5 சதவீதம் வரை கூடியதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்தான். ஆகவே பெருந்தொகை கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை உங்கள் தம்பி வைத்திருந்தால், அதை இப்போதே குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் ஊரில் இன்னுமொரு எல்லை உண்டு. திருகோணமலை நகரத்தில் பழைய வீடு ஒன்றின் விலையில் பெரும்பங்கு காணிக்குரியது. காணியை அளக்கும் பேர்ச் ஒன்று எவ்வளவு என்றுதான் பேச்சே தொடங்கும். வீட்டை இடித்துவிட்டு மாடி கட்ட நினைப்பவருக்கு உங்கள் திரைச்சீலையின் நிறம் ஒரு பொருட்டல்ல. அப்படிப்பட்டவர்தான் வாங்குவார் என்று தெரிந்தால், வளவைத் துப்புரவாக்கி எல்லைக் கற்களைத் தெளிவாகக் காட்டுவதற்கு அப்பால் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். வீட்டில் குடியிருக்க வருபவர், அல்லது உப்புவெளிப் பக்கம் போகும் சுற்றுலாப் பயணிகளை எதிர்பார்த்து அறைகளை வாடகைக்கு விட நினைப்பவர், வெளிநாட்டிலிருந்து ஊருக்குத் திரும்பும் எண்ணத்துடன் தேடுபவர், இவர்களுக்குத்தான் வீட்டின் நிலை முக்கியம். இதுவரை வந்தவர்களுள் எத்தகையவர் அதிகம் என்று தரகரிடம் கேட்டு அறிந்துகொண்டு செலவைத் தீர்மானியுங்கள்.

குறையை மறைப்பது பற்றிய உங்கள் தயக்கம் நேர்மையானது. பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்து முற்றம் கூட்டுவதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. வருபவருக்குக் கொடுக்கும் மரியாதை அது. ஆனால் கசியும் சுவருக்குமேல் பெயின்ற் பூசுவதும், வெடிப்புக்கு முன்னால் அலுமாரியை நகர்த்தி வைப்பதும், கறையான் அரித்த நிலைக்கதவுக்குப் பட்டி போட்டு மறைப்பதும் ஏமாற்றுத்தான். இவற்றை நான் செய்வதில்லை, செய்யச் சொல்லி வரும் வேலையையும் ஏற்பதில்லை. திருத்தக்கூடியதைத் திருத்துங்கள், திருத்த வசதியில்லாததை ஒரு தாளில் எழுதி, வருபவரிடம் நீங்களே முதலில் கொடுங்கள். குறையை நீங்களே சொல்லிவிட்டால் சுவரைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சியிருக்காது. அம்மாவுக்கு முன்னால் நடக்கும் அந்தப் பேச்சில் பாதி அதோடு நின்றுவிடும்.

மன அழுத்தத்தைப் பற்றி நான் சொல்வது அனுபவத்தால் மட்டும் வந்ததல்ல. டானியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சாதாரணக் கோப்பையொன்றைக் கையில் கொடுத்து இது உனக்குத்தான் என்று சொல்லப்பட்டவர்கள், அதை விற்பதற்குக் கேட்ட விலை, வாங்க நினைத்தவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. சற்றுமுன் கிடைத்த கோப்பைக்கே அப்படியென்றால், தகப்பனார் கல் சுமந்து கட்டி அரை நூற்றாண்டு குடியிருந்த வீட்டுக்கு உங்கள் மனம் போடும் கணக்கையும், உள்ளே வந்து கால்மணி நேரம் நிற்பவர் போடும் கணக்கையும் ஒன்றாக எதிர்பார்க்க முடியாது. வந்தவர் குறைத்துக் கேட்பது உங்கள் குடும்பத்தை அவமதிப்பதற்காக அல்ல என்பதை இது விளக்கும். 2010இல் லொஸ் ஏஞ்சல்ஸில் டார்பி சாக்ஸ்பி, ரீனா ரெப்பெட்டி ஆகியோர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தம் வீட்டைப் பொருட்கள் குவிந்து கிடக்கும் வீடாகவும் வேலை முடியாத வீடாகவும் விவரித்த மனைவியரின் உடலில், காலையில் உயர்ந்து மாலையில் இறங்க வேண்டிய கோர்ட்டிசோல் என்னும் அழுத்தச் சுரப்பு, மற்றவர்களுக்குப் போல நன்றாக இறங்கவில்லை. நான்கு மாதங்களாக நாளைக்கு யார் வருவார்களோ என்று பாதி ஒதுக்கியும் பாதி ஒதுக்காமலும் கிடக்கும் வீட்டில் நீங்கள் படும்பாடு இதுதான்.

இனி வேலையைப் பற்றி. பொருட்களிலிருந்து தொடங்க வேண்டும், பூச்சிலிருந்து அல்ல. உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: போகப்போகும் வீடு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஆகவே முதலில் பாலையூற்று வீட்டில் அம்மாவின் அறையை ஒழுங்காக்குங்கள். அவருடைய கட்டில் எந்தப் பக்கம், சாமிப்படம் எந்தச் சுவரில், தகப்பனாரின் படம் எங்கே என்று அவரையே அழைத்துச் சென்று தீர்மானிக்கச் சொல்லுங்கள். அதன் பின்னர் உவர்மலை வீட்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பொருளும் அந்த அறைக்குப் போகிறது என்ற நினைவோடு எடுக்கப்படும். எடுத்தெறிவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும், குடிபோவதற்குக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வயதானவர் மனதில் ஒன்றல்ல. றங்குப்பெட்டிகள், பித்தளைப் பாத்திரங்கள், பழைய தையல் இயந்திரம், தகப்பனாரின் புத்தகங்கள், பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பிகள் ஆகியவற்றை, அம்மாவுடன் போவது, சகோதரர்களுக்கானது, உறவினருக்கும் அயலவருக்கும் கொடுப்பது, கழிப்பது என்று பிரியுங்கள். சகோதரர்களுக்கு வீடியோ அழைப்பில் ஒவ்வொன்றாகக் காட்டி, இன்ன திகதிக்குள் வேண்டியதைச் சொல்ல வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். கனடாவிலிருந்து எதையும் எறியாதீர்கள் என்று சொல்வது எளிது. அந்த எதையும் தூசு தட்டுவது நீங்கள்.

ஒரு நாளில் ஓர் அறைக்குமேல் தொடாதீர்கள். அம்மா இப்போது படுக்கும் அறையைக் கடைசிக்கு விடுங்கள். அதை விற்பனைக்காக மாற்ற வேண்டியதே இல்லை. சுத்தமாகவும் வெளிச்சமாகவும் இருந்தால் போதும்.

சாமியறை பற்றிப் பலரும் தயங்கித் தயங்கியே கேட்பார்கள். நம் ஊரில் வீடு பார்க்க வருகிறவர் தமிழராக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம், சிங்களவராக இருக்கலாம். அதற்காக உங்கள் வழிபாட்டை ஒளிக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். குத்துவிளக்கும் படங்களும் இருக்கட்டும். ஆட்கள் பார்க்க வரும் நேரத்தில் முன்னால் ஒரு சுத்தமான திரை விழுந்திருந்தால், அது உங்கள் சாமிக்கும் மரியாதை, வருபவருக்கும் சங்கடமில்லை. இருக்கையறைச் சுவரை நிறைத்திருக்கும் குடும்பப் படங்களைக் கழற்றி, நல்ல நாள் பார்த்துப் புதிய வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுங்கள். வருபவர் அந்தச் சுவரில் தன் குடும்பத்தின் படத்தை மனதில் மாட்டிப் பார்ப்பதற்கு இடம் வேண்டும். அதைவிட முக்கியமாக, உங்கள் தகப்பனாரின் படத்துக்குக் கீழே நின்று அந்நியர் ஒருவர் விலை பேசுவதை நீங்கள் இருவரும் காண வேண்டியிருக்காது.

பொருட்கள் ஒதுங்கிய பின்னர்தான் கட்டடத்தின் உண்மையான நிலை தெரியும். கடற்காற்று படும் உவர்மலைப் பகுதியில் 1970களின் வீட்டில் நான் முதலில் பார்ப்பது யன்னல்களுக்கு மேலுள்ள சன்ஷேட்டுகளை. காற்றிலுள்ள உப்பு கொங்கிறீற்றுக்குள் ஊறி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்து, அந்த அழுத்தத்தால் கொங்கிறீற் வெடித்துக் கழன்று விழும். மேலாகச் சாந்து பூசினால் சில மாதங்களில் மறுபடியும் கழரும். தளர்ந்த பகுதியை உடைத்தெடுத்து, கம்பியைத் துரு போகச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சுப் பூசிய பின்னரே அடைக்க வேண்டும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் பீலி, குளியலறைக் குழாய், அல்லது வெளியே மண் உயர்ந்து சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பது காரணமாக இருக்கும். அதை நிறுத்தி, உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள். யன்னல் கம்பிகளுக்கும் கேற்றுக்கும் அப்படியே, துரு நீக்கிய பின்னரே பூச்சு. கூரை அஸ்பெஸ்ரஸ் சீற்றாக இருந்தால், பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டவோ அழுத்த நீரால் அடிக்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் நார்த்தூசு நுரையீரலுக்குக் கேடு.

தரை அந்தக் காலத்துச் சிவப்புச் சிமெந்தாக இருந்தால் அதற்குமேல் ரைல்ஸ் பதிக்க வேண்டாம். கழுவிக் காயவைத்து மெழுகுப் பொலிஷ் போட்டுத் தேய்த்தால், அது போன்ற தரை புதிய வீடுகளில் கிடைக்காது. குசினியையும் புதுப்பிக்க வேண்டாம். வாங்குபவர் தன் விருப்பப்படி மாற்றுவார், உங்கள் பணம் திரும்பி வராது. பழுதான குழாய்களை மாற்றுங்கள், புகை படிந்த சுவருக்கு ஒரு பூச்சுக் கொடுங்கள், மேசைமேல் எதுவும் இல்லாமல் வையுங்கள். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, பம்ப் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எப்படி என்ற கேள்வி இந்த ஊரில் எல்லோரிடமிருந்தும் வரும். ஒரு குவளை அள்ளிக் கொடுக்கக்கூடிய நிலையில் கிணறு இருப்பது நல்லது.

மணம் பற்றி வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை, மூக்குப் பழகிவிடுகிறது. அதிகம் பயன்படுத்தாத குளியலறையின் தரைக்குழியில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிவிட்டால், கழிவுக் குழாயின் நாற்றம் நேரே அறைக்குள் வரும். வாரம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அது நின்றுவிடும். அலுமாரிகளிலுள்ள நப்தலின் உருண்டைகளை எடுத்துவிட்டு, கதவுகளை வெயில் நேரத்தில் திறந்து வையுங்கள். ஊதுபத்தியும் வாசனைத் தெளிப்பும் வேண்டாம். எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணத்தையே அவை உண்டாக்கும். வெளிச்சத்துக்கு, ஒரே அறையில் மஞ்சளும் வெள்ளையும் கலந்த குமிழ்கள் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். இருக்கையறைக்கும் படுக்கையறைக்கும் 3000 கெல்வின் அளவிலான இதமான ஒளி பொருந்தும். கடைகளில் அதிகம் கிடைக்கும் 6500 கெல்வின் குமிழ் பழைய சுவரின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் எடுத்துக்காட்டும். வெளிநாட்டிலுள்ளவர்களுக்கு அனுப்பும் படங்களைக் காலை வெயிலில், தொலைபேசியைக் கிடையாகவும் நெஞ்சளவு உயரத்திலும் பிடித்து, அறையின் மூலையிலிருந்து எடுங்கள். அறையைப் பெரிதாகக் காட்டும் அகலக்கோண வசதியைப் பயன்படுத்தாதீர்கள். படத்தில் பெரிதாகக் கண்டவர் நேரில் ஏமாற்றத்துடனேயே நுழைவார். அந்த முகத்தை எதிர்கொள்ளப்போவது நீங்கள்.

இவை முடிந்ததும், ஆட்கள் பார்க்கும் முறையை முற்றாக மாற்றுங்கள். உங்களுக்கு உடனடி ஆறுதல் தரப்போவது இதுதான் என்று நம்புகிறேன். சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாட்களில் காலையில் ஒரு நேரம், மாலையில் ஒரு நேரம் என்று குறித்துக்கொடுங்கள். ஒரு நாளாவது முன்னறிவித்தல் இல்லாமல் கேற் திறக்கப்படாது. அந்த நேரத்தில் அம்மா பாலையூற்றில் சின்னம்மாவுடன் இருக்கட்டும். நீங்களும் முடிந்தால் போய்விடுங்கள். வீட்டைக் காட்டுவதற்கு உணர்ச்சிவசப்படாத ஒருவர் போதும். உறவினராக இருக்கலாம், என்னைப் போன்ற தொழில் செய்பவராக இருக்கலாம். வந்தவர்கள் சொன்னவற்றை அவர் எழுதிவைத்து, வாரத்தில் ஒருமுறை, விலையையும் திருத்த வேலையையும் பற்றிய பகுதியை மட்டும் உங்களிடம் சொல்வார். மற்றவை உங்கள் காதுக்கு வர வேண்டிய தேவையில்லை.

வீடு தயாராக இருந்தும் காணி உறுதிப் பத்திரம் தயாராக இல்லாததால் தடைப்பட்ட விற்பனைகள் பல என்பதால் ஒரு சொல்: உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்தின் பதிவுப் பிரதி, ஆதனவரிப் பற்றுச்சீட்டு, கட்டட அனுமதி ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். தகப்பனாருக்குப் பின் உரிமை யார் பெயரில் இருக்கிறது, சகோதரர்கள் அற்றோணித் தத்துவம் (தமக்காக இன்னொருவர் கையொப்பமிட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்ப வேண்டுமா என்பவற்றை இப்போதே சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள். இது என் துறை அல்ல.

செலவைப் பொறுத்தவரை, தளபாடம் வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டு முறை உங்களுக்குத் தேவையில்லை. அந்தக் கால மரக்கதிரைகளும் மேசையும் பொலிஷ் போட்டால் எந்தப் புதிய சோபாவையும்விட நன்றாக இருக்கும். பணம் போவது துப்புரவுக் கூலி, திருத்தம், பூச்சு, குமிழ், திரை ஆகியவற்றுக்குத்தான். தொழில்முறையாளர் ஒருவரை அழைப்பதானால், முதலில் ஒருமுறை வந்து பார்த்து வேலைகளை முன்பின் வரிசையாக எழுதித் தருவதற்கு மட்டும் பேசுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நீங்களே மேசனையும் பெயின்ற் அடிப்பவரையும் பிடித்துச் செய்விக்கலாம். அம்மாவைக் கவனித்துக்கொண்டு அதையும் பார்க்க முடியாதென்றால் மேற்பார்வையையும் ஒப்படைக்கலாம். கூலி ஒரு குறித்த தொகையாக, எழுத்தில் இருக்கட்டும். விற்பனை விலையில் சதவீதம் கேட்பவருக்கு உங்கள் நிம்மதியைவிட விலையே பெரிதாகிவிடும். இந்தச் செலவை மூன்று பிள்ளைகளும் பகிர வேண்டும் என்பதையும் தம்பியிடம் தயங்காமல் சொல்லுங்கள். யோசனை சொன்னவர் அவர்.

காலமும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. சித்திரை கடைசியில் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இனி வரும் வறண்ட மாதங்களில் சுவர் காயும், பூச்சுப் பிடிக்கும். கனடா போன்ற நாடுகளில் பாடசாலை விடுமுறை வரும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஊரில் இருப்பார்கள். மாரி தொடங்கிய பின்னர் நனைந்த சுவருடன் காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆகவே இந்த வாரமே தரகருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்: ஜூலை பிறக்கும்வரை யாரையும் கூட்டி வரவேண்டாம், அதன்பின் நான் தரும் நேரங்களில் மட்டும் வரலாம். அவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால், சம்மதிக்கும் வேறொருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.